பச்சை விளக்கை நம்பலாமா? கணினிக் கட்டமைப்பும் தகவல் பலகைகளும்

கார் ஓட்டுபவர் யாரும் என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. வேகம், எண்ணெய், வெப்பம் என்று நான்கைந்து முள்களைப் பார்க்கிறார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டுகிறார். அந்த முள்கள் இருக்கும் பலகைக்குத்தான் டாஷ்போர்டு என்று பெயர். கணினித்துறையில் இந்தப் பெயரையே கடன் வாங்கிக்கொண்டார்கள். இக்கட்டுரையில் நான் அதைத் ‘தகவல் பலகை’ என்று எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. கணினியைப் பற்றி நான் கற்றதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். ஆகவே தமிழில் எழுதும்போது சொற்கள் ஆங்காங்கே தடுக்குகின்றன. கழகத்து மூத்தோர் பொறுத்தருள்க, திருத்தினால் மகிழ்வேன்.

ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வழங்கிக் கணினிகள் உண்டு. அவற்றை இணைக்கும் சுவிட்சுகள், ரவுட்டர்கள் உண்டு. மின்சாரம் போனால் தாங்கும் யு.பி.எஸ். உண்டு, இரவில் தரவுகளை நகலெடுத்து வைக்கும் ஏற்பாடு உண்டு. இவை அனைத்தையும் சேர்த்தே கட்டமைப்பு என்கிறோம். இக்கருவிகள் பெரும்பாலும் தம் நிலையை எண்களாகச் சொல்ல வல்லவை. ஆனால் தாமாகச் சொல்வது குறைவு, நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கென்று ஒரு பொது நெறிமுறை 1988இல் வகுக்கப்பட்டது. எஸ்.என்.எம்.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியிடமும் போய், “எத்தனை பைட் உள்ளே வந்தது? எத்தனை வெளியே போனது? வெப்பம் எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கின்றது. எழுதி வைத்ததைப் படமாக வரைந்து காட்டுவதே தகவல் பலகையின் வேலை.

இந்தப் படம் வரையும் பழக்கம் பரவியதில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு என்பது நமக்குச் சுவையான செய்தி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1994இல் அங்கே வெளியுலகுக்குச் செல்லும் இணையப் பாதை ஒன்றே ஒன்று. அதன் அளவு நொடிக்கு 64 கிலோபிட்! இன்று நம் கைப்பேசியில் ஒரு படம்கூட அதில் ஒழுங்காக இறங்காது. பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் ஆவல். அங்கு பணியாற்றிய டோபி ஓட்டிக்கர் என்பவர், பாதையின் நெரிசலைத் தொடர்ந்து படமாக வரைந்து இணையப் பக்கத்தில் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். 1995இல் அதை எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பச்சை நிறத்தில் நிரம்பிய பகுதியும் அதன்மேல் நீலக் கோடுமாக வரும் அந்தப் படத்தை இன்றும் சில இடங்களில் காணலாம்.

அதற்குப் பின் வந்தவை பல. லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ், 2014இல் சுவீடன் நாட்டு டோர்கெல் ஓடெகார்ட் வெளியிட்ட கிராஃபானா ஆகியவற்றை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய இடம் உண்டு. சோஹோ என்றதும் மின்னஞ்சலும் அலுவலக மென்பொருளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அந்நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்கள் செய்து விற்றது வலையமைப்பை மேலாண்மை செய்யும் மென்பொருளையே. 2009இல்தான் சோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. அதன் ஆப்மேனேஜர், சைட்24×7 ஆகியவை இன்றும் இதே கண்காணிப்புத் தொழிலைச் செய்கின்றன. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற சிற்றூரிலும் 2011 முதல் அந்நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கின்றது. சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக் கணினிகளின் நாடி பார்க்கலாம் என்பது, தோட்டப்புறத்தில் பிறந்த எனக்குத் தனி உற்சாகம் தரும் செய்தி.

இம்மென்பொருள்களுக்கு ஆயத்தப் பலகைகள் உண்டு; சிலவற்றில் நிறுவியவுடன் தாமாகவே வந்து நிற்கும். அதோடு, நமக்கு வேண்டிய கட்டங்களை இழுத்து வைத்து நாமே அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. எந்த எண்ணை எங்கே வைப்பது, எந்த அளவில் சிவப்பாக்குவது, எதை வைக்காமல் விடுவது எல்லாம் நம் கையில். இந்தச் சுதந்திரத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

கடந்த விடுமுறையில் ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி செய்தேன். பெயர் வேண்டாம், வாகன உதிரிப்பாகங்களை மொத்தமாக விற்பவர்கள். தலைமையகம் ஈப்போவில், தைப்பிங், கம்பார், தாப்பா, தெலுக் இந்தான் என்று ஆறு இடங்களில் கிளைகள். கணினிப் பிரிவில் இருந்தவர்கள் இருவரே. அவர்களில் மூத்த அண்ணன் என்னிடம், “தம்பி, நீ ஒரு போர்டு செய். சுவரில் மாட்டுவோம். தவுக்கே பார்த்தால் சந்தோசப்படுவார்,” என்றார்.

மூன்று வாரம் உழைத்தேன். கிராஃபானாவில் நாற்பது கட்டங்கள். வழங்கிகளின் சுமை, நினைவகம், வட்டின் இடம், ஒவ்வொரு கிளையின் ரவுட்டர், அறையின் வெப்பம், காற்றாடியின் சுழற்சி வேகம்வரை! சுவரில் பெரிய தொலைக்காட்சித் திரை. அடர்ந்த பின்னணியில் பச்சைப் பச்சையாக ஒளிரும். தவுக்கே பார்த்தார், மகிழ்ந்தார், வந்தவர்களையெல்லாம் அழைத்து வந்து காட்டினார்.

ஒரு திங்கட்கிழமை காலை. தெலுக் இந்தான் கிளையில் கவுண்டரில் இருக்கும் அக்கா அழைத்தார். பில் வரவில்லை என்றார். நான் திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. இன்னும் சொன்னால், பில் போடும் வழங்கியின் சுமை வழக்கத்தைவிடக் குறைவு. “அக்கா, இங்கே எல்லாம் நல்லாதான் இருக்கு. உங்க கணினியை ஒருமுறை அடைச்சுத் திறந்து பாருங்க,” என்றேன். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அழைத்தார். “தம்பி, உங்க போர்டு பச்சையா இருந்தா எனக்கு என்னப்பா? இங்கே ஆள் வரிசையில நிக்கிறாங்களே!”

பிறகு தாப்பா அழைத்தது, பின் தைப்பிங். நண்பகல்வரை ஆறு கிளைகளிலும் கையால் பில் எழுதினார்கள்.

நடந்தது இதுதான். கிளைகள் தலைமையகத்தோடு பேசுவது, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிப்பாதை வழியே. அந்தப் பாதைக்கு அடையாளச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதன் காலக்கெடு ஞாயிறு நள்ளிரவில் முடிந்துவிட்டது, பாதை மூடிக்கொண்டது. ஆனால் என் பலகை கிளை ரவுட்டரின் பொது இணைய முகவரியைத்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரவுட்டர் உயிரோடுதானே இருக்கிறது? பச்சை. வழங்கியும் உயிரோடு இருக்கிறது, பச்சை. யாரும் உள்ளே வர முடியாததால் அதற்கு வேலை இல்லை, சுமை குறைவு, இன்னும் பச்சை! நாற்பது கட்டங்களும் பொய் சொல்லவில்லை. “அக்காவால் பில் போட முடிகிறதா?” என்ற ஒரே கேள்வியை நான் கேட்க மறந்துவிட்டேன்.

அக்கா அன்று சொன்னது என் காதில் பழகிய குரலாகவே ஒலித்தது. ஏனென்றால் அதே சொற்களை ஒரு காலத்தில் நான் சொல்லியிருக்கிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் படிவம் ஐந்து. சுங்கை சிப்புட்டுக்கு அருகே, ரப்பர் போய்ச் செம்பனையாகிவிட்ட தோட்டம் ஒன்றின் பழைய குடியிருப்பில் எங்கள் வீடு. அந்த ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அதுவரை படிப்பெல்லாம் கைப்பேசியில். பகலில் ஓரளவு கிடைக்கும். மாலை ஆறு மணியானால் குடியிருப்பே கைப்பேசியை எடுத்துக்கொள்ளும். ஆசிரியரின் குரல் நின்று நின்று வரும். பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்தேன். அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்கள் திரையில் உங்கள் கோபுரம் நன்றாக இயங்குகிறது,” என்றார். அவர்களின் வரைபடத்திலும் எங்கள் இடம் வண்ணம் தீட்டியே இருந்தது. கோபுரம் நின்றுகொண்டுதான் இருந்தது, மறுக்கவில்லை. அதில் தொங்கிய ஆள்கள் எத்தனை, ஆளுக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை அந்தத் திரை அவருக்குக் காட்டவில்லை போலும். இரவு பதினொன்றுக்கு மேல் எழுந்து பாடங்களை இறக்கிவைத்துப் படித்தேன். நான்கைந்து ஆண்டு கழித்து, தெலுக் இந்தான் அக்காவுக்கு அதே பதிலை நானே சொல்லியிருக்கிறேன்!

உலகப் பெருநிறுவனங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்னும் தரவுச் சேமிப்புச் சேவை அமெரிக்காவில் விழுந்தது. பராமரிப்புக்காக ஒருவர் தட்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு தவறியதால், எண்ணியதைவிடக் கூடுதலான வழங்கிகள் நீக்கப்பட்டுவிட்டன. எத்தனையோ இணையத்தளங்கள் முடங்கின. வாடிக்கையாளர்கள் அமேசானின் நிலை அறிவிக்கும் பலகையைப் பார்த்தார்கள். பசிபிக் நேரம் காலை 9.37க்குத் தொடங்கிய கோளாறு, 11.37வரை பலகையில் அச்சேவைகளின் நிலையை அவர்களால் மாற்ற முடியவில்லை. காரணம் என்ன தெரியுமா? பலகையைத் திருத்தும் கருவியே எஸ்3ஐ நம்பியிருந்தது! டுவிட்டரில் எழுதித்தான் செய்தி சொன்னார்கள். வீடு எரியும்போது மணியடிக்க வேண்டியவன் அந்த வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்த கதை.

இன்னொன்று கணினிக்கு வெளியே. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடிக்கொள்ளாமல் திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அணைந்திருந்தது. ஆகவே மூடிவிட்டது என்று ஊழியர்கள் எண்ணினர். உண்மையில் அவ்விளக்கு காட்டியது, வால்வுக்கு அனுப்பிய கட்டளையை மட்டுமே. வால்வு கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததா என்பதை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. என் ரவுட்டர் விளக்கும் இதே இனம்தான்.

பலகையை ஏமாற்றும் இன்னொரு பொருள் சராசரி. இதை என் பாட்டியின் கதையோடு சொன்னால் எளிதாக விளங்கும். பாட்டி பால்மரம் வெட்டியவர். வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்தால், கிராணி ஒவ்வொருவர் பாலையும் நிறுப்பார்; மெட்ரோலாக் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்; அவரவர் பெயருக்கு நேரே எழுதுவார். துரைக்குப் போவது அன்றைய மொத்தக் கணக்கு. ஒரு சமயம் பாட்டியின் பால் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்ததாம். மற்றவர்களின் நிரையில் நல்ல பால். ஆகவே மொத்தத்தில் குறையே தெரியவில்லை. வரி வரியாகப் பார்த்த கிராணிதான் கங்காணியை அனுப்பினார். போய்ப் பார்த்தால், பாட்டியின் நிரையில் பல மரங்களுக்குப் பட்டை வறண்டு பால் நின்றுபோயிருந்தது. “மொத்தத்தைப் பார்த்திருந்தா என்னைச் சோம்பேறின்னு சொல்லியிருப்பாங்க,” என்பார் பாட்டி. மொத்தத்தைப் பார்த்திருந்தால் பாட்டியையே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கணினியில் இது இப்படி வரும். நூறு பேர் பில் கேட்கிறார்கள். 95 பேருக்கு 0.2 நொடியில் கிடைக்கின்றது. ஐந்து பேருக்கு 20 நொடி ஆகின்றது. சராசரி போட்டால் 1.19 நொடி. பலகையில் அழகாக இருக்கும்! அந்த 1.19 நொடியை அனுபவித்தவர் நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. எனவே துறையினர் சராசரியை விட்டு, நேரங்களை வரிசைப்படுத்தி, 99ஆவது ஆள் எவ்வளவு காத்திருந்தார் என்று பார்க்கிறார்கள். இங்கே விடை 20 நொடி. அந்த ஒரே எண் கிராணியின் கண்.

காலச் சராசரியும் இதே வேலையைச் செய்யும். ஓட்டிக்கரின் எம்.ஆர்.டி.ஜி. ஒருநாள் படத்துக்கு ஐந்து நிமிடச் சராசரியையும், வாரப் படத்துக்கு அரை மணி நேரச் சராசரியையும், மாதப் படத்துக்கு இரண்டு மணி நேரச் சராசரியையும், ஆண்டுப் படத்துக்கு ஒருநாள் சராசரியையும் வைத்துக்கொள்ளும். வட்டில் இடம் நிறையாதிருக்க இது நல்ல உத்தி. ஆனால் பத்து நிமிடம் பாதை திணறியது அன்றைய படத்தில் மலையாகத் தெரியும். ஆண்டுப் படத்தில் மேடாகக்கூடத் தெரியாது. “போன ஆண்டு முழுவதும் பிரச்சினையே இல்லை” என்று மேலாளர் படத்தைக் காட்டிப் பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பாதைப் படத்தில் நான் மாட்டிக்கொண்ட இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். இரவு நகலெடுப்பு நடக்கும் பாதை என் படத்தில் ஏறக்குறைய காலியாகவே தெரிந்தது. வியப்பாக இருந்தது. பழைய லோரிகளில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண் 99,999க்குப் பின் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும் அல்லவா? கருவிகளின் பழைய எண்ணிகளும் அப்படித்தான். 4,294,967,295 பைட் வந்ததும் சுழியத்துக்குத் திரும்பிவிடுகின்றன. நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் முழுதாய் ஓடும் பாதையில் இது 34 நொடிக்கு ஒருமுறை நடக்கும். நான் கேட்டதோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை! இடையில் எத்தனை சுற்று போனது என்று யாருக்குத் தெரியும்? 64 பிட் எண்ணிக்கு மாற்றிய அன்றிரவே படம் உச்சிக்கு ஏறியது.

நிறம் மாறும் எல்லையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தைப் பார்த்தாலே போதும். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி அளவு. பேராக் ஆற்றுக்கு வைக்கும் அளவை ஒரு சிற்றாற்றுக்கு வைத்தால் ஊர் மூழ்கிய பிறகும் பச்சையே எரியும். நானோ எல்லா வழங்கிகளுக்கும் எண்பது விழுக்காடு என்று ஒரே எல்லை வைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பலகையைப் பிரித்துக் கட்டினேன். நாற்பதில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களை உள்ளே ஒரு பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். கோளாறு வந்தபின் காரணம் தேட அவை உதவும். சுவருக்கு வந்தவை ஆறு கட்டங்கள், கிளைக்கு ஒன்று. ஒவ்வொரு கிளையிலும் ஒரு சிறு நிரல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அக்கா செய்வதையே செய்யும். அதாவது, அந்தத் தனிப்பாதை வழியே உள்ளே வந்து, ஒரு பொருளின் விலையைக் கேட்டு, விடை வர எத்தனை நொடி ஆனது என்று குறிக்கும். அதன் கீழே சான்றிதழ் முடிய இன்னும் எத்தனை நாள் என்ற எண்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒருநாள் தாப்பா கிளையில் மின்சாரம் போயிற்று; நிரலும் நின்றது. என் கட்டமோ கடைசியாக வந்த 0.3 நொடியையே பிடித்துக்கொண்டு பச்சையாக நின்றது! இப்போது ஐந்து நிமிடம் செய்தி வராவிட்டால் கட்டம் சாம்பல் நிறமாகி, ‘தகவல் இல்லை’ என்று எழுத்திலும் காட்டும். எழுத்து ஏன் என்றால், எங்கள் பிரிவின் இன்னொரு அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். மூன்று வாரம் என் திரையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னவர், அதை அப்போதுதான் சொன்னார்.

தவுக்கேவுக்குப் புதிய பலகை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பழையதுதான் ‘பவர்’ என்றார். திரையின் பாதி காலியாகக் கிடக்கிறதே என்று வருந்தினார்.

பயிற்சியின் கடைசி வாரத்தில் அந்தந்தக் கிளையின் கட்டத்தை அந்தந்தக் கிளைக்கே திறந்துவிட்டோம். இரண்டாம் நாளே தெலுக் இந்தான் அக்கா அழைத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியானால் தம் கட்டத்தில் எண் எட்டு நொடிக்கு ஏறுகிறது என்றார். போன வாரமும் அப்படித்தானாம். கையோடு எழுதி வைத்திருந்தார். தேடிப் பார்த்தோம். தலைமையகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் நிரல் ஒன்று அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை இரவு பத்து மணிக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் ஈப்போவிலிருந்து பேருந்து ஏறினேன்.